கதவுக்கு வெளியே நின்ற டிங்கோ

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வாலூண்டா கடைத்தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கத் தொடங்கினால் யாரும் பூகம்பம் என்று பயப்பட மாட்டோம். ஆல்பி பாஸ்கோ மளிகை வாங்க வருகிறான் என்று அர்த்தம். நாலரை டன் இரும்பில் ஏறிக்கொண்டு ரெண்டு பவுண்டு வெண்ணெய் வாங்க வருகிறவன் இந்தத் தென் ஆஸ்திரேலியா முழுக்கத் தேடினாலும் அவன் ஒருவன்தான்.

நான் ஐவி. தபாலாபீஸில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என் பொறுப்பு. ஒட்டுக்கேட்கிறவள் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். சில இணைப்புகளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு நான் என்ன செய்வது?

ஆல்பியின் அந்த வண்டிக்குப் பெயர் டிங்கோ. காட்டுநாயின் பெயரை வைத்தவன் யாரோ, விவரமானவன். சண்டை போடுவதற்காகச் செய்த வண்டி அல்ல அது. பதுங்கிப் போய், எதிரி எங்கே இருக்கிறான் என்று எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே ஓடிவந்து சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் எந்த நேரமும் வந்துவிடுவான் என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்த வருஷத்தில், லாரியின் அடிச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடுகளைச் சாய்த்துக் கட்டி அவசர அவசரமாகச் செய்தார்கள். உள்ளே ரெண்டு பேர் உட்காரலாம். ஒருவன் ஓட்ட வேண்டும், மற்றவன் துப்பாக்கியையும் ரேடியோவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே கூரை கிடையாது. முன்னால் பார்க்க ஒரு கீறல் அளவு சந்து. பின்னால் பார்க்க அதுகூடக் கிடையாது. பின்னால் எடுக்க வேண்டுமென்றால் மற்றவன் எழுந்து நின்று, இடது, வலது, நில் என்று கத்த வேண்டும். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்ததும் அரசாங்கம் இவற்றையெல்லாம் அடிலெய்டில் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி விற்றது. ஆல்பி ஒவ்வொன்றின் பின்புறத்தையும் தடவித் தடவிப் பார்த்து, தான் ஓட்டிய அதே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டான். பின் தகட்டில் இருந்த பள்ளமும், அதன் மேல் அவன் கையாலேயே போட்ட வெல்டிங்கும் காட்டிக்கொடுத்தன. நூற்றுச் சொச்சம் மைல் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். அவன் மனைவி நெட்டா வெளியே வந்து பார்த்தாள்.

"கார் வாங்கத்தானே போனே, ஆல்பி?"

"இதுவும் கார்தான். நாலு சக்கரம் இருக்குல்ல?"

"கூரை எங்கே?"

"மழை எங்கே பெய்யுது இந்த ஊர்ல?"

அது என்னவோ உண்மை. மல்லி என்கிற குட்டை யூகலிப்டஸ் மரங்கள் மண்டிய எங்கள் காட்டில் மழை அபூர்வம். கோதுமை போட வேண்டுமென்றால் முதலில் மல்லி மரத்தின் அடிக்கட்டைகளைப் பிடுங்க வேண்டும். குதிரையால் ஆகாது. சின்ன டிராக்டர் மூச்சு வாங்கும். டிங்கோ ஒரே இழுப்பில் வேரோடு கொண்டுவந்துவிடும். தண்ணீர் டாங்க் இழுக்கும், விதைப்புக் கருவி இழுக்கும், ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளைப் பிக்னிக்குக் கொண்டுபோகும். அதன் வலது பின் சக்கரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு உண்டு. எப்போதாவது மழை பெய்தால் கடைத்தெருச் சேற்றில் ஆறடிக்கு ஒருமுறை அந்த வெட்டு முத்திரை குத்தியது மாதிரி விழும். பிள்ளைகள் அதன் மேல் ஒற்றைக் காலில் தாவி விளையாடுவார்கள்.

ஆல்பிக்கு ஒரே ஒரு பெருமைதான். "நாலு வருஷம் வேவு வண்டி ஓட்டினேன், ஒரு நாள் வழி தப்பினதில்லை." இதை அவன் சொல்லிக் கேட்காதவர்கள் ஊரில் கைக்குழந்தைகள் மட்டும்தான். பொய்யென்றும் சொல்ல முடியாது. எங்கள் காட்டில் எந்தத் தடத்தைப் பார்த்தாலும் ஒன்று போலவே இருக்கும். ஆடு காணாமல் போனாலும், நகரத்திலிருந்து வந்த சர்வேயர் காணாமல் போனாலும் எனக்குத்தான் போன் வரும். நான் ஆல்பியின் வீட்டுக்கு இணைப்பேன். டிங்கோ கிளம்பும். சாயங்காலத்துக்குள் ஆடும் வரும், சர்வேயரும் வருவார்.

இவ்வளவு கெட்டிக்காரன் சண்டைக்குப் போகவில்லை. போக விடவில்லை என்று சொல்ல வேண்டும். டிங்கோக்கள் கப்பல் ஏறவே இல்லை. ஜப்பான்காரன் வந்தால் பார்த்துச் சொல்வதற்காக வடக்குப் பிரதேசத்துப் புதர்க்காட்டில் ஆல்பியையும் வண்டியையும் வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. ஆல்பி நாலு வருஷம் கங்காருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தம்பி ரெக் கப்பல் ஏறினான். நாற்பத்திரண்டு கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் நியூ கினியில், பூனா கடற்கரையில் செத்துப்போனான். அந்தத் தந்தியை எழுதி எடுத்தவள் நான்தான். ரெக் என்னோடு ரெண்டு முறை நடனமாடியிருக்கிறான். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் ஊரில் திரும்பி வந்தவர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. தபாலாபீஸுக்கு நேர் எதிரே, தகரக் கூரைக் கட்டிடம். கப்பல் ஏறிக் கடல் தாண்டிப் போய்த் திரும்பியவன்தான் உறுப்பினர். நாட்டுக்குள்ளேயே இருந்தவன் எங்கிருந்து திரும்புவது? சேர முடியாது. சண்டையில் செத்தவர்களை நினைக்கும் நாளான ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி விடியும்போது நினைவுக்கல்லின் முன்னால் ஊரே நிற்கும். பியூகிள் ஊதி முடிந்ததும் சங்கத்து ஆட்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாலில் ரம் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செத்துப்போனவர்களின் பெயரைத் தலைவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லோரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிக் குடிப்பார்கள். ஏழு பெயர்கள். ஐந்தாவது ரெக் பாஸ்கோ.

சொந்த அண்ணன் வெளியே நடைபாதையில் டிங்கோவின் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். "பேட்டரி மோசம், அணைச்சா மறுபடி கிளம்பாது" என்பான். பேட்டரி புதுசு. அடிலெய்டுக்கு ஆர்டர் சொன்ன இணைப்பைப் போட்டவளே நான். கதவுக்கு அந்தப் பக்கம் தம்பியின் பெயரைச் சொல்லும்போது அது தன் காதில் விழக்கூடாது என்றுதான் அந்த இரைச்சல். ஒவ்வொரு வருஷமும் எக்ஸ்சேஞ்ச் ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பேன். ஒவ்வொரு வருஷமும் எனக்கு அந்தக் கதவை எட்டி உதைக்கத் தோன்றும்.

சங்கத் தலைவர் க்ளைட் ரோவ், பேக்கரிக்காரன். இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து அவன் சுடும் பாஸ்டிக்கு இருபது மைல் சுற்றுவட்டாரத்தில் இணையில்லை. நானும் ஆல்பியும் க்ளைட்டும் ஒரே பள்ளிக்கூடம். க்ளைட் போர்னியோவுக்குக் கப்பல் ஏறினான். அவன் இறங்கும்போது சண்டை முடிந்திருந்தது. பிஸ்கட் பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். ஆனாலும் திரும்பி வந்தவன்.

சண்டை என்று அவன் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. நாற்பத்து மூன்றில், அவனும் வடக்குப் பிரதேசத்தில் இருந்தபோது, ராணுவம் நட்டிருந்த தந்திக் கம்பம் ஒன்றை யாரோ சாய்த்துக் கம்பியை அறுத்துவிட்டார்கள். ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று பட்டாளமே துப்பாக்கியோடு குழியில் இறங்கியது. க்ளைட்டும் ஐந்து பேரும் எதிரியின் சக்கரத் தடத்தைப் பிடித்து மூன்று நாள் துரத்தினார்கள். தண்ணீர் இல்லை, சோறு இல்லை. கடைசியில் ஒரு கல் ஆற்றங்கரையில் தடம் மறைந்துவிட்டது. வருஷாவருஷம் க்ளைட் பள்ளிக்கூடத்துக்குப் போய் இந்தக் கதையைச் சொல்வான். உடைந்த கம்பத்தடியில் அவன் பொறுக்கிய பாதி பீங்கான் கிண்ணம் சங்கத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கம்பியைத் தாங்கும் அந்தக் கிண்ணத்தின் கீழே 'எதிரி உடைத்தது' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

ஐம்பத்திரண்டு நவம்பரில் ஒரு நாள் ஆல்பி கையில் கசங்கிய பத்திரிகையோடு வந்து ராக்ஹாம்ப்டனுக்கு டிரங்க் கால் கேட்டான். அங்கே அவனுடைய பழைய துப்பாக்கிக்காரன் ஸ்னோவி கசாப்புக்கடை வைத்திருந்தான். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஸ்னோவி, பேப்பர் பார்த்தியா? வடக்குல ஒரு கோடு கிழிச்சிருக்காங்க. அந்தக் கோட்டைத் தாண்டி வேலை பார்த்தவன் எல்லாம் திரும்பி வந்தவன் கணக்குல சேருவானாம்."

"நம்ம முகாம் கோட்டுக்குத் தெற்கே இல்ல இருந்துச்சு? பதினஞ்சு மைல் தெற்கே."

"முகாம் தெற்கேதான்."

"அப்புறம் என்ன?" ஸ்னோவி நிறுத்தினான். பிறகு கூரை பறக்கிற மாதிரி சிரித்தான். "அடப்பாவி! அந்த அஞ்சு நாளைச் சொல்றியா?"

"மெதுவாப் பேசுடா."

"தண்ணிக்குட்டையைப் பார்த்துட்டு வாங்கடான்னு அனுப்பினா, எழுபது மைல் தள்ளி வடக்கே கொண்டுபோய் விட்டியே! திரும்பி வந்து டைரில என்ன எழுதினே? 'குட்டையருகே ஐந்து நாள் இருந்தோம், எதுவும் தென்படவில்லை'ன்னு!"

"நீயும்தானே கையெழுத்துப் போட்டே."

"கம்பத்தை இடிச்சவன் நீ. நான் தூங்கிட்டிருந்தேன்."

"நீ தூங்கினதாலதான்டா இடிச்சேன்! எந்திரிச்சு நின்னு வழி சொல்றது உன் வேலை."

மூன்று நிமிஷ மணி அடித்தது. அழைப்பைத் துண்டிக்க வேண்டியவள் நான். கை வரவில்லை. ஸ்னோவி சொன்னான், "சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா எப்படி அங்க போனோம்னு நீ எழுதியாகணும். வழி தப்பினேன்னு உன்னால எழுத முடியுமா, ஆல்பி?"

ஆல்பி ரிசீவரை வைத்துவிட்டு டெலிபோன் கூண்டை விட்டு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான். என் முகம் எதையும் மறைத்துப் பழகியதில்லை.

"கேட்டுட்டியா, ஐவி?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஜப்பான்காரன் நீதான்ங்கிற வரைக்கும்."

அவன் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். நான் சும்மா இருக்கவில்லை. "ஏழு வருஷமாத் தெருவில நிக்கிறே. ஒரு தாளில ரெண்டு வரி எழுதினா உள்ள போயிடலாம். வழி தப்பினா என்ன? ஊர் நாலு நாள் சிரிக்கும். அப்புறம் மறந்துடும்" என்று பிடித்துக்கொண்டேன்.

"என்னைப் பார்த்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அதை முழுங்கிடுவேன். க்ளைட்?"

"அவனுக்கு என்ன?"

"அவன்கிட்ட இருக்கிறது அந்த மூணு நாள் ஒண்ணுதான், ஐவி. தண்ணியில்லாம துரத்தினான். நிஜமாவே துரத்தினான். அங்க ஜப்பான்காரன் இல்லேங்கிறது அவன் தப்பா? நான் உள்ள போகணும்னு அதை எப்படி உடைக்கிறது?"

நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை.

ஐந்து மாசம் அவன் சங்கத்தில் சேரும் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். நெட்டா அதைத் துணியோடு சேர்த்து ஒருமுறை துவைத்தே விட்டாள். இன்னொன்று வரவழைத்தான். தலைவரின் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. ஏப்ரல் மூன்றாம் வாரம், வியாழக்கிழமை, நான் பேக்கரியில் பாஸ்டி வாங்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடி நடுங்கியது. ஆல்பி உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினான். புகையிலை டப்பாவைத் திறந்து, உடைந்த பாதி பீங்கானை எடுத்து க்ளைட்டின் முன்னால் வைத்தான்.

"உன் சுவத்துல இருக்கிறதோட மறு பாதி இது. கம்பம் என் வண்டி மேல சாஞ்சப்போ உள்ள விழுந்துச்சு. பின்னால எடுக்கும்போது நான்தான் இடிச்சேன், க்ளைட். நான்..." பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவன் மாதிரி நிறுத்தினான். "நான் வழி தப்பிப் போயிருந்தேன்."

க்ளைட் மாவுக் கையோடு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"படிவத்துல உன் கையெழுத்து வேணும். போட்டா விஷயம் வெளிய வரும். நீ வேண்டாம்னு சொன்னா இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன். ஒரு வார்த்தை யார்கிட்டேயும் பேச மாட்டேன். உன் மனசு நோக உள்ள வர எனக்கு இஷ்டமில்லை."

"அடுப்புல பாஸ்டி கருகுது" என்று சொல்லிவிட்டு க்ளைட் உள்ளே போய்விட்டான். எதுவும் கருகவில்லை. எனக்கு மூக்கு இருக்கிறது.

"க்ளைட்! சரியா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்யா!" என்று கத்தினேன்.

"விடு, ஐவி" என்றான் ஆல்பி. படிவத்தையும் பீங்கானையும் கல்லாவின் மேலேயே விட்டுவிட்டு வெண்ணெய் வாங்கப் போனான்.

அதன் பிறகு க்ளைட் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தைந்தாம் தேதியும் வந்துவிட்டது. முந்தின நாள் பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு. விடிகிற நேரத்தில் நினைவுக்கல்லின் முன்னால் நின்றோம். பியூகிள் ஊதி முடிந்தது. சங்கத்து ஆட்கள் வரிசையாக உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஆல்பி டிங்கோவைக் கதவுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நெட்டா அவன் பக்கத்தில் நின்றாள். நான் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றுகொண்டு க்ளைட் ரோவை எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளாலும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இனி அவன் கடைப் பாஸ்டியைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டேன்.

கதவு திறந்தது. க்ளைட் மெடல்களோடு வெளியே வந்தான். பின்னால் இருபது பேர் ரம் கிளாஸோடு எட்டிப் பார்த்தார்கள். க்ளைட்டின் ரெண்டு கையிலும் கைக்குப் பாதியாகப் பீங்கான். எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவன் கத்த வேண்டியிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! பத்து வருஷத்துக்கு முன்னால நான் ஒரு எதிரியைத் துரத்தினேன். மூணு நாள். கோட்டை விட்டுட்டேன்." ஒரு கையிலிருந்த துண்டை மற்றதோடு பொருத்தினான். பொருந்தியது. "இதோ நிக்கிறான்."

எல்லோரும் ஆல்பியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணும் சொல்லணும்." க்ளைட் குனிந்து டிங்கோவின் பின்னால் சேற்றில் விழுந்திருந்த வெட்டுத் தடத்தைக் காட்டினான். "இந்தத் தடத்தை மூணு நாள் மூக்கால மோந்துக்கிட்டே போனவன் நான். நாற்பத்தாறுல, முதல் மழைக்கு என் கடை வாசல்லயே பார்த்தேன். அன்னிக்கே தெரியும். இந்தக் கோட்டு விஷயமா சங்கத்துக்குக் கடிதாசு வந்து ஆறு மாசம் ஆகுது. டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். அவனா வந்து என் அனுமதி கேட்டான் பாருங்க, அதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரலை." பையிலிருந்து படிவத்தை எடுத்தான். "கையெழுத்துப் போட்டாச்சு."

ஆல்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கண்ணில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"உள்ள வா, ஆல்பி. ஆனா அதுக்கு முன்னாடி இவங்க எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒண்ணு சொல்லிடு. வழி தப்பினியா, இல்லையா?"

"தப்பினேன்" என்றான் ஆல்பி.

"கேட்கலை. உன் வண்டி கத்துது."

"வழி தப்பிட்டேன்யா! எழுபது மைல்!"

இருபது பேரும் சிரித்த சிரிப்பில் நினைவுக்கல்லின் மேலிருந்த காக்டூக் கிளிகள் பறந்தன. யாரோ அவன் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். யாரோ தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். நெட்டா அவன் தொப்பியை வாங்கிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

தெருவில் நெட்டாவும் நானும் டிங்கோவும் மட்டும். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. போகிற அவசரத்தில் அவன் அணைக்க மறந்துவிட்டான்.

நான் தெருவைக் கடந்தேன். நல்ல பாவாடை, சேறு, எதையும் பார்க்கவில்லை. சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, இரும்புத் தகட்டின் மேல் குனிந்து, கையை விட்டு எஞ்சினை அணைத்தேன்.

அமைதியானது. நாலாவது பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு க்ளைட்டின் குரல் ரெக் பாஸ்கோ என்றது. இருபது குரல்கள் ஒன்றாக ரெக் பாஸ்கோ என்றன. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் பின்தங்கி, ஒரே ஒரு குரல் அதைத் தனியாகச் சொல்லியது. நானும் சொன்னேன்.